நானூறு மணி நேர மீன்கள்

பதினேழு நாட்களாக ஆய்வகக் கணினியில் ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகவில்லை. டிஸ்கில் இடமில்லை என்றே ஒவ்வொரு முறையும் காட்டியது. இன்று நான்கு மணிக்குள் ஆகாவிட்டால் கணினியை எடுத்துப் போய்விடுவதாகத் துறையில் சொல்லிவிட்டார்கள். நாளை என் கடைசிப் பரிசோதனை. இந்தக் கணினி இல்லாமல் அது நடக்காது.

இடத்தை அடைத்திருந்தது ஜெபசீலி அக்காவின் ஃபோல்டர். மருந்து கொடுத்த மீன்கள் தொட்டியில் நீந்தும் வீடியோக்கள், நானூறு மணி நேரம். அந்த மீன்கள் எத்தனை முறை திரும்புகின்றன என்ற கணக்கை வைத்து தீசிஸ் எழுதி, போன வருடமே முனைவர் பட்டம் வாங்கிய அக்கா, இப்போது இங்கேயே வேலை பார்க்கிறார். கூப்பிட்டதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அழிச்சிரவாக்கா?”

“வேண்டாம் பிள்ள.”

“அப்ப ஹார்டு டிஸ்க்ல ஏத்தித் தாரேன். வீட்டுக்குக் கொண்டு போயிருங்க.”

“வீட்டுக்கும் வேண்டாம்.”

“நான் என்னதான்க்கா செய்ய?”

அக்கா ஒரு வீடியோவைத் திறந்தார். மீன் ஒன்று கண்ணாடியோரம் அசையாமல் நின்றது. மணி மூன்று ஐம்பது.

“இது எத்தன தடவ திரும்புதுன்னு உக்காந்து எண்ணுனீங்களாக்கா?” என்று கேட்டேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒண்ணக்கூட எண்ணல பிள்ள. தீசிஸ்ல இருக்கது எல்லாம் நானா போட்ட நம்பர்.”