குழம்புக்கு எந்த மீன்

மீன்பிடிக் குடும்பங்களுக்கு வீட்டுக்கொரு குட்டிச் செயற்கைக்கோள் ஏவித்தரும் கம்பெனி அது. ஜெனோவாவுக்கு அங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை.

மீனவர் கஸ்பாரின் மகள் போனில் அழுதாள். “அம்மா காலைல தவறிட்டாவ. அப்பா கடல்ல தனியா இருக்காவ. கரைக்கு வர்ற வரைக்கும் தெரிய வேண்டாம்க்கா.”

திரையில் கஸ்பார் வழக்கம்போல ஒரு கையில் பெரிய மீனும் மறு கையில் சின்ன மீனுமாகத் தூக்கி வானத்துக்குக் காட்டினார். வீட்டுக் குழம்புக்கு எது என்று மனைவி வீட்டிலிருந்து பார்த்துப் பொத்தானை அழுத்துவாள். படகில் அந்தக் கைப்பக்க விளக்கு எரியும்.

அவர் காத்து நிற்பதைப் பார்க்க மனசு கேட்காமல் ஜெனோவாவே இங்கிருந்து அழுத்திவிட்டு, போனில் மகளிடம் சொன்னாள்.

“எதச் சொன்னீங்க?” என்றாள் மகள்.

“பெருசத்தான்.”

“ஐயோ, அம்மா ஒருநாளும் பெருச வீட்டுக்குக் கேட்டதில்லையே. அது விலைக்குல்லா போவும்.”

திரையில் கஸ்பார் இரண்டு மீன்களையும் கீழே போட்டுவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.