கங்காணி போட்ட மாலை

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அத்தனை பேரும் பார்க்க, பொன்னையா கங்காணி தன் கையாலேயே அழகுமுத்துவின் கழுத்தில் செவ்வந்தி மாலையைப் போட்டார். மை தீட்டிய மீசைக்குக் கீழே பல்லெல்லாம் சிரிப்பு.

“கொடுத்து வச்சவன்டா நீ! இனிமே தப்புச் சத்தம் கேட்டு எந்திரிக்க வேணாம், மழையில நனைய வேணாம். வாழ்க்கையிலயே இதுதான்டா சந்தோசமான காலம். எனக்குத்தான் இன்னும் நாலு வருசம் இந்தப் பனியில கெடந்து சாகணும்னு எழுதியிருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. அறுபது முடிந்தவர்களின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டச் சொல்லித் தோட்டத் துரை உத்தரவு போட்ட மறுநாளே கங்காணி கொடுத்த முதல் பேர், அழகுமுத்துவினுடையது. தோட்டத்தில் சங்கத்துக்கு ஆள் சேர்த்தவர் அவர்தான்.

பேரை வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும். மலைச்சரிவில் விழுந்து இடுப்பொடிந்த மனைவி பேச்சியம்மா, இரண்டு வருடமாக அந்த ஒற்றை அறையில்தான் படுத்திருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. தூக்கிக்கொண்டு போக வேறு இடமும் இல்லை.

“எனக்கு அம்பத்தி நாலுதான். பொய் சொல்லிப் பேர வெட்டிட்டு மாலை வேறயா?” என்றார் அழகுமுத்து.

“கண்ணாடியில ஒன் மூஞ்சியப் பாத்திருக்கியாடா? கெழட்டுக் கொரங்கு! சாயங்காலத்துக்குள்ள சட்டிபானையக் கட்டு. காம்பராவுக்கு என் மச்சான் நாளைக்கே வர்றான்.”

இருவரும் ஆபீஸுக்குப் போனார்கள். பெரிய கிளாக்கர் சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர். சாட்சி இல்லாமல் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார்.

“உமக்குப் பிறப்புப் பதிவும் இல்லை, புத்தகத்திலயும் வயசு எழுதேல்லை. அறுபது எண்டு ஆர் சொன்னது?”

“நான்தானுங்க.” கங்காணி நெஞ்சைத் தட்டினார்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“நல்லாக் கேட்டீங்க! தூத்துக்குடியில கப்பல் ஏறுனப்ப இவனுக்கு மூணு வயசு. இவன் ஆத்தா காய்ச்சல்ல சுருண்டு கெடந்துச்சு. அட்டன் ஸ்டேசன்லேருந்து தோட்டம் வரைக்கும் இவன இடுப்புல தூக்கிட்டு நடந்தவனே நான்தாங்க. நன்றி கெட்ட பய, இன்னைக்கு எனக்கு எதிராவே சங்கம் வைக்கிறான்!”

அழகுமுத்து கங்காணியின் மை மீசையை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, “கங்காணி சொல்றது சரிதாங்க ஐயா. அவர் தூக்கிட்டு வந்ததா எங்க ஆத்தாளும் சொல்லியிருக்கு. அறுபதுன்னே எழுதிக்கங்க” என்றார்.

கங்காணிக்கே ஆச்சரியம். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பெண், “ஐயோ, பேச்சியம்மா கதி?” என்று வாயில் கை வைத்தாள்.

“நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?” கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“யோசிச்சாச்சுங்க. அவர் சொன்னத அப்படியே எழுதுங்க. அந்த இடுப்புல தூக்குனதையும் விட்டுடாதீங்க.”

“எழுதுங்கய்யா, எழுதுங்க! அப்பதான் இவனுக்கு நன்றின்னா என்னன்னு தெரியும்” என்றார் கங்காணி.

கிளாக்கர் எழுதி, ஒருமுறை வாசித்துக் காட்டினார். கங்காணி பேனாவை வாங்கி, மீசையை ஒருமுறை நீவிவிட்டு, தாளின் பாதியை அடைக்கிற மாதிரிக் கையெழுத்துப் போட்டார்.

“போய் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குடா. ராசா வாழ்க்கை!”

அழகுமுத்து மாலையைக் கழற்றினார். அதைக் கங்காணியின் கழுத்தில் நிதானமாகப் போட்டுவிட்டு, கிளாக்கர் பக்கம் திரும்பினார்.

“எனக்கு அறுபதுன்னா, என்னைய இடுப்புல தூக்கிட்டு வந்தவருக்கு எத்தனைங்க ஐயா?”