மேல் வீட்டு யானை

மைதானத்தில் பாதிச் சுற்று முடிவதற்குள் வெட்டுக்கிளி புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

பி.டி. மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே ஆளுக்கொரு பக்கம் மல்லாந்து கிடந்தார்கள். அது அவர் எதிர்பார்த்ததுதான். நோய்க்குப் பயந்து பள்ளியை இழுத்து மூடி, பிள்ளைகளை இத்தனை காலம் வீட்டுக்குள் அடைத்துவிட்டு, திறந்த முதல் நாளே ஓடு என்றால் எந்தக் கால் ஓடும்?

ஆனால் வெட்டுக்கிளி அப்படி இல்லையே.

வெளிச்சத்தம் எல்லாவற்றையும் அடக்கிவிட்டு, தன் படுக்கையறை நாற்காலியில் அமர்ந்தபடி செல்போனில் மாஸ்டர் நடத்திய உடற்பயிற்சி வகுப்பில், மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். இவன் தலை மட்டும் திரையில் மேலும் கீழும் போய் வந்துகொண்டே இருந்தது. குதி என்றால் குதித்தான். போதும் என்றாலும் குதித்தான். அந்தப் பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அவனை நம்பித்தான் பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். இவன் ஒருத்தன் போதும் என்று தலைமையாசிரியையிடம் வாய்ச்சவடால் வேறு விட்டிருந்தார்.

தலைமையாசிரியை இப்போது மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் அவன் பக்கத்தில் போய்க் குந்தினார். புதிதாக வந்த தொந்தி இடித்தது. என்னடா ஆச்சு என்று அதட்டாமல்தான் கேட்டார்.

பையன் மூச்சு வாங்க வாங்க, புல்லைப் பிடுங்கியபடி உண்மையைக் கக்கினான். முதல் வாரம் மட்டும்தான் தரையில் குதித்தானாம். அதன் பிறகு மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே எம்பினானாம்.

மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவனுக்கோ கண் கலங்கிவிட்டது. பந்தயத்திலிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சினான். குதிக்க அவனுக்கு ஆசைதானாம். புதிதாகக் குடிவந்த இடத்தில் பொல்லாப்பு எதற்கு என்று அம்மாதான் விடவில்லையாம்.

“கீழ் வீட்டுக்காரர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, மேல என்ன யானை வளர்க்கிறாங்களான்னு கேட்டாராம் சார். அதோட அம்மா என்னை வீட்டுக்குள்ள வேகமா நடக்கக்கூட விடல.”

மாஸ்டரின் சிரிப்பு நின்றது.

எந்தக் குடியிருப்பு என்று கேட்டார். சொன்னான். எத்தனையாவது மாடி என்று கேட்டார். அதையும் சொன்னான்.

மாஸ்டர் விசிலை வாயில் வைத்து, ஊதாமலே எடுத்தார்.

அந்த மனிதரைப் பார்த்திருக்கிறாயா என்று மெதுவாகக் கேட்டார். இல்லையாம். அப்போதெல்லாம் யார் கதவைத் திறந்தார்கள்? இன்று காலையில்கூட அந்த வீட்டு வாசலை நுனிக்காலில்தான் கடந்து வந்தானாம்.

அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு மாடி ஜன்னல் பக்கம் ஏறிட்டுப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“பந்தயத்துல நீதான்டா ஓடுற. இன்னைக்கே தரையில குதிக்க ஆரம்பி. அந்த ஆள்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மிச்சப் பாதிச் சுற்றை நடந்தே முடித்தான். மாஸ்டரும் கூடவே நடந்தார்.

அன்று மாலை மாஸ்டர் தன் வீட்டுக் கதவைத் தாண்டி இன்னும் ஒரு மாடி ஏறினார்.

அழைப்பு மணியை அழுத்துவதற்குள் அவருக்கும் மூச்சு வாங்கியது.