செல்வி அஸ்மத்

ஜன்னலுக்கு வெளியே குழந்தை அழுத சத்தத்தில் அஸ்மத்தின் கையிலிருந்த செம்புக் கம்பி பட்டென்று அறுந்தது. மணி பதினொன்றுதான். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடந்தது.

அழுகை மறுபடி கேட்டது. மோட்டாருக்குச் செம்புக் காயில் சுற்றும் அந்த வரிசையில் மீதிப் பதினோரு பேரின் கைகளும் அப்படியே நின்றன. போச்சு, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள் அஸ்மத்.

அது அவள் பெற்ற குழந்தைதான். ஐந்து மாதம். பக்கத்து வீட்டுக் கிழவி தினமும் மத்தியானம் பின்பக்கக் கேட்டுக்குத் தூக்கி வருவாள். அஸ்மத் மதிலோரம் குந்தி, யார் கண்ணிலும் படாமல் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். இன்றைக்குப் பிள்ளைக்குப் பசி முந்திக்கொண்டது.

ஓசூரில் அந்தக் கம்பெனிக்குக் கல்யாணம் ஆகாத பெண்கள்தான் வேண்டும். வீட்டில் தொட்டில் ஆடினால் வேலையில் கை ஆடும் என்று பெங்களூரிலிருந்து வரும் மேனேஜர் கண்டுபிடித்து வைத்திருந்தார். பெற்று வளர்த்தவளுக்கு இல்லாத பொறுமை வேறு யாருக்கு இருக்கும் என்று அந்த மகானிடம் யார் கேட்பது?

அதனால் பிள்ளை பிறந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த அஸ்மத்தின் அடையாள அட்டையில் 'செல்வி' என்றுதான் இருந்தது. தெருமுனை தாண்டியதும் கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வாள். கெலமங்கலம் ரோட்டில் லாரி கவிழ்ந்து கால் முறிந்த அவள் புருஷன் நூருல்லா ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

போன மாதம் பேக்கிங்கில் மங்கம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு எட்டிப் பார்த்தது. மேனேஜர் அவளை அந்த நிமிஷமே வெளியே அனுப்பிவிட்டார். பொய் எழுதிக் கொடுத்ததற்குப் போலீசுக்கும் போவார்களாம் என்று அன்றைக்கு யாரோ சொன்னது இப்போது அஸ்மத்தின் காதில் கேட்டது.

"யாரும்மா அது? இங்கெல்லாம் நிக்கக் கூடாது, போ போ!" வாட்ச்மேன் வெங்கடசாமி வெளியே சத்தம் போட்டார். குழந்தை இன்னும் வீறிட்டது.

"யார் புள்ள இப்படிக் கத்துது?" என்றபடி சூப்பர்வைசர் சரோஜம்மாள் வரிசைக்கு வந்து நின்றாள். கண்டிப்புக்குப் பேர் போனவள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஒருத்தியும் தலை நிமிரவில்லை. சரோஜம்மாளின் கண் ஒவ்வொரு முகமாகத் தாண்டி வந்து அஸ்மத்திடம் நின்றது.

"அஸ்மத், ஸ்டோர் ரூமுக்கு வா."

பத்தடி தூரம்தான். கம்பியை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். உள்ளே போனதும் சரோஜம்மாள் கதவைச் சாத்தினாள்.

"உன் புள்ளதானே?"

"இல்லீங்க மேடம்... எங்கக்கா புள்ளைங்க."

"குனிஞ்சு உன் கோட்டப் பாரு."

பார்த்தாள். நீலக் கோட்டின் மார்பில் இரண்டு பக்கமும் ஈரம் பரவியிருந்தது. அழுகை கேட்டதும் சுரந்த பாலுக்குக் கம்பெனிச் சட்டம் தெரியவில்லை.

"மேடம், மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க மேடம்! எங்கூட்டுக்காரரு கால் ஒடஞ்சு கெடக்கறாருங்க. இத உட்டா எங்களுக்கு வேற வழியே இல்லீங்க." கையெடுத்துக் கும்பிட்டாள். அழக்கூடப் பயமாக இருந்தது, சத்தம் வெளியே போய்விடுமே என்று.

சரோஜம்மாள் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"மேனேஜரு பதினொன்றரைக்கு ரவுண்டு வருவாரு. அதுக்குள்ள போயி பால் குடுத்துட்டு வந்துடு. வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லிக்கறேன். உன் சீட்டுல நானே ஒக்காந்துக்கறேன். ஓடு!"

அஸ்மத்தால் தன் காதை நம்ப முடியவில்லை. கதவு வரை போனவள், பயம் பிடித்து இழுக்க மறுபடி நின்றாள். மேடம் விட்டாலும் வெளியே பதினோரு வாய் இருக்கிறதே!

"லைன்ல எல்லாருக்கும் கேட்டுடுச்சுங்க மேடம். யாராவது ஒருத்தி போட்டுக் குடுத்தாகூட என் வேலை போயிடுங்களே?"

"எவ போட்டுக் குடுப்பா?" என்றாள் சரோஜம்மாள். "அந்த லைன்ல கல்யாணம் ஆகாதவ நான் ஒருத்திதான்."