லெஸோவின் கரை

மொம்பாசாவில் மீன் பிரியாணிக் கடை நடத்தும் முவானகோம்போ, கணவன் அத்மானை முறைத்தாள். வெளிநாட்டு டி.வி.க்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்திருந்தவன் அவன்தான்.

"பட்டினி கிடக்கிறவ மாதிரி உட்காரணுமா? அடுப்புல அண்டா கொதிக்கிறது இந்தக் கேமராக்காரன் கண்ணுக்குத் தெரியலையா?"

"அண்டாவை மறைச்சு வைக்கச் சொல்றான். சிரிக்கவும் கூடாதாம். பஞ்சத்தைப் பத்தின படமாம்."

"பஞ்சம் இங்கயா இருக்கு?"

"அவனுக்கு ஆப்பிரிக்கா மொத்தமும் ஒரே தெரு. முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். அப்புறம் வேற எவளையாவது பிடிப்பான். என் வியாபாரத்தைப் பார்த்து வயிறெரியற பக்கத்துக் கடைக்காரியைக் குத்திக்காட்டன்னு, கரையில வாசகம் போட்ட லெஸோத் துணி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். போர்த்திட்டு வரேன்."

வந்தவள் முகத்தைத் தொங்கப்போட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். இவளா இப்படி என்று அத்மானுக்கு மனசே விட்டுப்போனது.

கேமராக்காரன் துணியின் கரையில் அச்சிட்டிருந்த சுவாஹிலி வரியைக் காட்டி, "என்ன எழுதியிருக்கிறது?" என்றான்.

அத்மான் குனிந்து படித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வந்தவங்களுக்குச் சொல்ற நல்ல வார்த்தை."

"அருமை. கிட்டத்தில் எடுக்கிறேன்."

அடுத்த மாதம் உலகம் முழுக்க அந்தப் படம் ஓடியது. பின்னணியில் ஒரு குரல் உருகி உருகி அவள் பசியை விவரித்தது. சுவாஹிலி படிக்கத் தெரிந்த வீடுகளில் மட்டும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்துக் கடைக்காரியே ஓடிவந்து முவானகோம்போவைக் கட்டிக்கொண்டாள்.

திரை நிறைய நின்றது அந்த வரி:

"பசி என் வயிற்றில் இல்லை, உன் கண்ணில்."