முன்கை

அடையாறில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை வெயில் இன்னும் சூடேறவில்லை. தற்காப்பு வகுப்பு முடிந்த வியர்வையோடு அச்யுத்தும் நானும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருக்கிறோம். நடுவே விரித்த துண்டில் எங்கள் மடக்குக் கத்திகள். "லாக்கைப் பாரு மச்சி, விரிச்சுட்டா ஆட்டமே கிடையாது," என்கிறான் அவன். "என்னோடது இன்னும் ஸ்மூத்," என்று நான் என் கத்தியை எடுத்து, எழுந்து நின்று கட்டைவிரலால் தட்டுகிறேன். டக்கென்று அலகு விரிந்து, வெயில் அதில் பட்டுத் தெறிக்கிறது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் அஞ்சலையக்கா, எங்கள் வீட்டில் வேலை செய்பவர், சத்தம் கேட்டுத் திரும்புகிறார். வாளி உருள்கிறது. அவருடைய இடது கை முகத்துக்கு முன்னால் எழுகிறது. முழங்கை மடங்கி, உள்ளங்கை தன் பக்கம் திரும்பி, தாடை தோளுக்குள் பதுங்கியிருக்கிறது. மூன்று மாதமாக வகுப்பில் மாஸ்டர் தொண்டை கிழியச் சொல்லியும் எங்களுக்கு வராத நிலை. "சூப்பர்க்கா, கரெக்ட் போஸ். எங்க கத்துக்கிட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறேன். கேட்ட பிறகுதான் அந்த முன்கையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய வெட்டுத் தழும்புகளைப் பார்க்கிறேன். "வூட்லதான் தம்பி," என்கிறார். அச்யுத் துண்டின் ஓரத்தை இழுத்துத் தன் கத்தியை மறைக்கிறான். நான் என்னுடையதை மடக்கப் பார்க்கிறேன். கட்டைவிரல் வழுக்குகிறது, லாக் அசையவில்லை. அக்கா வாளியை நிமிர்த்தி, என் சட்டையை எடுத்து உதறிக் கொடியில் விரிக்கிறார், எனக்கு முதுகைக் காட்டாமல்.