எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கி

வேட்டைக்காரர் மாசாணத்தின் அலமாரியில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. மானோ பன்றியோ, அவர் எடுப்பது நடுவில் நின்ற பழைய ரைஃபிளைத்தான்.

"எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்" என்பார். ரைஃபிளுக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

"அப்ப நாங்க எதுக்கு?" என்று மற்ற இரண்டும் புலம்பும்.

"கைக்குப் பழகியிருக்கணும்" என்று அது மிதப்பாகச் சொல்லும். கீழே படுத்திருக்கும் வேட்டைநாய் சடையன் வாலாட்டும். பத்து வருஷமாக ரைஃபிளும் நாயும் சேர்ந்தே காட்டுக்குப் போனவை.

ஒருநாள் பன்றி சடையனின் வயிற்றைக் கிழித்துவிட்டது. மூன்று நாள் நாய் துடித்தது. பிழைக்காது என்று தெரிந்துபோனது. நாலாம் நாள் காலையில் மாசாணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார்.

"இன்னைக்கு மட்டும் வேற ஒண்ணை எடுங்கய்யா" என்று ரைஃபிள் கெஞ்சியது.

கை பழகிய இடத்துக்கே வந்தது.

முற்றத்தில் சடையன் மெல்லத் தலையைத் தூக்கியது. "நீதானா? அப்ப பயமில்ல" என்றது.